டிகிரி அண்ணனும் ஏழு ஆமை முட்டைகளும்

சித்திரை மாதத்து வெயிலை அண்ணாந்து பார்த்து, "நேத்தைக்கு இன்னிக்கு ஒரு டிகிரி கம்மியா கீற, இன்னா ஒடம்புக்கு முடியலயா?" என்று நலம் விசாரித்த ஒரே மனிதர், அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் டிகிரி அண்ணன்தான். வேறு யாரோ இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

டிகிரி என்றதும் பெரிய படிப்புப் படித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். எண்பதுகளின் கடைசியில் நாங்கள் மண்ணூர்பேட்டையில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். கீழே நாலு போர்ஷன், நடுவில் பொதுக் கிணறு, மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அந்த அறைதான் அவருடையது. எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் இரும்புச் சாமான்களை உலையில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பதம் ஏற்றுகிற ஹீட் ட்ரீட்மெண்ட் வேலை. நாள் முழுக்க டிகிரி டிகிரி என்றே பேசிப் பேசி அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மற்ற ஆண்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் அவர் தெர்மாமீட்டர் வைத்திருப்பார். காய்ச்சல் பார்க்கிற சின்னது இல்லை. முக்கால் ஜாண் நீளம், தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் காட்டக்கூடியது. உடையாமலிருக்க ஒரு டூத் பிரஷ் டப்பாவுக்குள் போட்டிருப்பார். எதைக் கண்டாலும் அதில் செருகிவிடுவார். டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்.

"அறுவத்தி ஆறு. இது டீ இல்ல மாஸ்டர், குளிப்பாட்ற தண்ணி."

"அண்ணாத்தே, அந்தக் குச்சிய எங்கெங்க உட்டுட்டு வந்து என் டீயில உடற?" என்பார் மாஸ்டர்.

நியாயமான கேள்வி. டிகிரி அண்ணன் குச்சியைச் சட்டையில் துடைத்து டப்பாவுக்குள் போட்டுக்கொள்வார்.

ஆனால் உலை விஷயத்தில் அவருக்குக் குச்சி தேவையில்லை. கதவைத் திறந்தால் உள்ளே தெரிகிற நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒருமுறை இவர் எண்ணூற்று நாற்பது என்றாராம், மீட்டர் எண்ணூற்று அறுபது என்றதாம். சூப்பர்வைசர் மீட்டர் பக்கம் நின்றார். கடைசியில் மீட்டரைத்தான் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அண்ணனுக்கு மனித முகங்களைப் பார்த்தும் டிகிரி சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. வாடகை விஷயமாக ஹவுஸ் ஓனர் கத்த ஆரம்பித்தால் மாடியிலிருந்து குரல் வரும்: "யாரும் பேசாதீங்க. மூஞ்சி செர்ரிப் பழக் கலருக்கு வந்துகீது, எழுநூத்தம்பது. ஆறட்டும்!" ஹவுஸ் ஓனர் ஆறுவதற்குப் பதிலாக இன்னும் நூறு ஏறிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதில் ஆச்சரியம் என்ன? ஒரே ஒரு முறை பெண் பார்க்கப் போனார். பெண் கொண்டுவந்து வைத்த கேசரியில் குச்சியைச் செருகினார். "முப்பத்தஞ்சு. செஞ்சி ரொம்ப நேரம் ஆயிருக்கும் போலகீதே" என்றார். பெண் வீட்டார் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் மட்டும், "உங்க தலை எத்தினி டிகிரின்னு என்னிக்காவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாளாம். இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். "கரெக்டாதான் கேட்டுச்சி அந்தப் பொண்ணு" என்று பாராட்டு வேறு.

இப்போது ஆமை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கிணற்றில் இரண்டு ஆமைகள் இருந்தன. பூச்சி, புழு தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று ஹவுஸ் ஓனர் விட்டவை. அந்த வருஷம் மாசி மாதம் கிணற்றைத் தூர் வாரினார்கள். ஆமைகளை மேலே எடுத்து, பின்பக்கம் வாழைமரத்தடியில் நாலு நாள் விட்டு வைத்தார்கள். ஐந்தாம் நாள் திரும்பக் கிணற்றில் விடப் போனால், பெரிய ஆமை வாழைமரத்தடி மண்ணைப் பின்னங்காலால் தள்ளித் தள்ளி எதையோ மூடிக்கொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால் ஏழு முட்டை. கோழி முட்டையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி நீளமாக, வெள்ளையாக.

தூக்கி எறியலாம் என்று ஹவுஸ் ஓனர் சொல்லி வாயை மூடவில்லை, டிகிரி அண்ணன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் எண்ணெய்க் கறை படிந்த பழைய பேப்பர் துண்டு.

"யாரும் தொடாதீங்க! திருப்பிடாதீங்க! எந்தப் பக்கம் மேல கீதோ அந்தப் பக்கம்தான் மேல இருக்கணும்!"

ஒவ்வொரு முட்டையின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பிறகுதான் காரணம் சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் வாங்கிய போண்டாவை மடித்துக் கொடுத்த பேப்பரில் ஆமை, முதலை பற்றி ஏதோ கட்டுரை. அதைப் பத்திரமாக வைத்திருந்தார். எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் படித்தார்.

முதலைக்கும் பெரும்பாலான ஆமைகளுக்கும் முட்டை உண்டாகும்போது ஆணா பெண்ணா என்பது முடிவாகியிருக்காதாம். முட்டை கிடக்கும் மண்ணின் சூடுதான் அதை முடிவு செய்யுமாம். அதுவும் முட்டை இட்டுக் கொஞ்ச நாள் கழித்து, நடுவில் வருகிற சில வாரங்களில்.

"சூடு தங்கச்சி, சூடு! இரும்புக்குச் சூடு பதம் போடுது, ஆமைக்குச் சூடு ஆம்பள பொம்பள பிரிக்குது. உலகத்துல எல்லாமே ஹீட் ட்ரீட்மெண்ட்தான்!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கண்ணெல்லாம் பளபள என்றிருந்தது.

"சூடு ஜாஸ்தியானா எது பொறக்கும்ணா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சட்டென்று வாடியது. பேப்பரைத் திருப்பிக் காட்டினார். 'வெப்பம் கூடினால் பிறப்பவை பெரும்பாலும்' என்பதோடு நின்றுபோயிருந்தது. மிச்சம் வேறு யாருடைய போண்டாவுக்கோ போய்விட்டது.

அதற்காகச் சும்மா இருப்பவரா? இரண்டு மரப்பெட்டி கொண்டுவந்து ஆற்று மணல் நிரப்பினார். நாலு முட்டையை ஒரு பெட்டியில் புதைத்து மாடி அறையில் வைத்தார். மூன்றை இன்னொரு பெட்டியில் புதைத்து, கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நிழலில், ஈரச் சாக்குச் சுற்றி வைத்தார். மாடிப் பெட்டிக்கு முப்பத்தொன்று, கீழ்ப் பெட்டிக்கு இருபத்தாறு என்று இலக்கு. காலையில் வேலைக்குப் போகுமுன், மதியம் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் பறந்து வந்து, சாயங்காலம் திரும்பியதும் என்று மூன்று வேளை குச்சி செருகிப் பார்ப்பார். மாடி அறை அடுப்பு மாதிரி ஆகிவிடும் நாட்களில் பெட்டிக்கு ஈரத்துணி விசிறியபடி அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரும் நினைப்பார்கள். இதற்கு நடுவில் ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியருக்கு ஒரு கார்டும் எழுதிப் போட்டார்: 'ஐயா, சூடு கூடினால் ஆமை ஆணா, பெண்ணா? போண்டா கடையில் கிழித்துவிட்டார்கள்.'

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். என்னைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்காரரின் அக்கா வந்து சேர்ந்தார். மாங்காட்டில் வாழ்க்கைப்பட்டவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி கெட்டவர் இல்லை. என் பெண்களுக்குத் தலை வாரிப் பூ வைத்து, சோறு ஊட்டி, கதை சொல்லுவார். ஆனால் தம்பிக்கு ஒரு ஆண் வாரிசு வேண்டும் என்பது அவருக்குள் ஒரு நோய் மாதிரி இருந்தது. வந்த இரண்டாம் நாளே ஆமைப் பெட்டியின் கதை அவர் காதுக்குப் போனது. மூன்றாம் நாள் எங்கள் வீட்டு ஃபேன் நின்றது.

"ஏன் அண்ணி, கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல. நான்தான் நிறுத்தினேன். சூடுதான் தீர்மானிக்குதாமே. ஆம்பளைன்னா சூடுதானே? நீ ரெண்டு தடவையும் ஃபேனுக்கு அடியிலயே படுத்துக் கெடந்த. அதான் ரெண்டும் பொண்ணு."

சிரிக்கத்தான் தோன்றும். பங்குனி மாதம், மண்ணூர்பேட்டை, ஜன்னல் சாத்திய அறை, வயிற்றில் பிள்ளை. மூன்று நாள் இருந்து பாருங்கள், சிரிப்பு வராது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். "கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்க" என்றார்.

ஃபேன் நின்ற நான்காம் நாள் மதியம் கிணற்றடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கீழ்ப் பெட்டிக்குக் குச்சி செருக வந்த டிகிரி அண்ணன்தான் பார்த்தார். அவர் குரல் கேட்டு அண்ணி ஓடிவந்து என்னைத் தாங்கி உள்ளே கூட்டிப் போனார். பின்னாலேயே வந்த அண்ணன் வாசலில் நின்றபடி அறைக்குள் குச்சியை நீட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அலறினார்.

"முப்பத்தொம்போது! இன்னாக்கா இது ஊடா, உலையா? ஃபேனுக்கு இன்னா ஆச்சி?"

அண்ணி காரணத்தைச் சொன்னார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யக்கா, என் ஆமை முட்டையையே நான் முப்பத்தொண்ணுக்கு மேல உட மாட்டேன். அத்த உட மோசமாவா இந்தப் பொண்ண வெச்சிகீற? மொதல்ல, சூடுன்னா ஆம்பளன்னு யாரு சொன்னது? பேப்பர் அதுக்கு முன்னாடியே கிழிஞ்சி கீது!"

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அப்பாடா என்று இருந்தேன். எட்டு நாள்தான்.

எட்டாம் நாள் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. அண்ணன் கிணற்றடியில் நின்று உரக்கப் படித்தார். ஆமைகளில் பெரும்பாலும் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். சில வகைகள் மாறும். முதலையில் நடுவாந்திரமான சூட்டில் ஆண், அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் பெண்.

"ரெண்டு பக்கமும் லேடீஸ், நடுவுல ஜென்ட்ஸ். பஸ்சுல கூட இப்டி சீட்டு போடலயே மாப்ள!" என்று என் வீட்டுக்காரரின் தோளில் தட்டினார். சந்தோஷத்தில் அன்று பக்கத்தில் நின்ற அண்ணியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் டிகிரி சொல்லியிருப்பார்.

மறுநாள் காலையிலேயே எனக்கு இளநீர். பத்து மணிக்கு வெள்ளரிக்காய். பதினொன்றுக்கு மோர். மதியம் கால் இரண்டையும் வாளித் தண்ணீரில் வைத்து உட்கார வேண்டும். ஜன்னலுக்கு ஈரச் சாக்கு. படுக்கிற பாய்க்குக் கீழே ஈரத்துணி. வெந்நீர்க் குளியல் கிடையாது. நாலே நாளில் எனக்கு மூக்கில் ஒழுக ஆரம்பித்து, தும்மல் நிற்கவில்லை. என் பெரிய பெண், "அம்மாவும் ஆமைப் பெட்டியும் ஒண்ணு" என்று தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாக்கை என் மேல் சுற்றவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்தத் தடவை அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, இளநீர் கொடுக்கிறார்கள், அண்ணி திருந்திவிட்டார் என்றே நினைத்தார். "இப்பதான் கரெக்ட் டெம்பரேச்சர்" என்று அண்ணியைப் பாராட்டக்கூடச் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் உள்ளே படுத்திருந்தேன். அண்ணியும் என் வீட்டுக்காரரும் கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நானும் ஆன மட்டும் பாக்கறேன் தம்பி. இதுவும் பொண்ணா போச்சுன்னா, பூந்தமல்லியில நம்ம மாமா பொண்ணு ஒருத்தி இருக்கா. அவங்க ஒத்துக்குவாங்க. இவளை ஒண்ணும் வீட்டை விட்டு அனுப்ப வேணாம். இவளும் இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி சொன்னதைவிட அதுதான் எனக்கு வலித்தது. எழுந்து உட்கார்ந்து ஜன்னல் சாக்கை விலக்கிப் பார்த்தேன்.

அப்போது துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. கீழ்ப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்த டிகிரி அண்ணன் எழுந்தார். கையில் குச்சி இருந்தது. எண் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அவர் வாயை மூடிக்கொண்டு போனதைப் பார்த்து அண்ணியே பயந்துவிட்டார்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி. என் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தார். தெருமுனையிலேயே ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், பின்னால் நாலைந்து பெண்கள். டீ மாஸ்டர்கூடக் கடையை விட்டு வந்திருந்தார்.

"டிகிரி அண்ணாத்தே! உனக்கு ரிப்ளை கார்டு வந்துகீது!" என்று கேட்டிலிருந்தே கத்தினார் தபால்காரர். "மனுஷனுக்கு ஆம்பளதான் தீர்மானம் பண்றானாமே? மெய்யாலுமா?"

மாடியிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "கண்ணாடி எங்கயோ வெச்சிட்டேன்பா. நீயே படி. கொஞ்சம் சத்தமா படி."

தபால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேராசிரியர் எழுதியிருந்ததைப் படித்தார். மனிதக் கருவில் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் வேலையே இல்லை. கரு உண்டாகிற அந்தக் கணமே எல்லாம் முடிந்துவிடுகிறது. தாயிடமிருந்து எப்போதும் ஒரே வகைதான் வருகிறது. ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிற வித்தியாசம் தகப்பனிடமிருந்து வருகிறது. இதில் தாயைக் குறை சொல்ல அறிவியலில் இடமில்லை. தகப்பனும் இதை விரும்பித் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே அவரையும் திட்ட வேண்டாம்.

கடைசி வரியைத் தபால்காரர் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் படித்தார்.

பக்கத்துப் போர்ஷன் அம்மா, "அப்ப என்னை எதுக்கு எங்க மாமியார் அத்தனை வருஷம் கரிச்சுக் கொட்டினாங்க?" என்று யாரையோ கேட்டார். அவருடைய கணவர் மெதுவாக உள்ளே நழுவினார்.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு கார்டுல எழுதி வந்துட்டா எல்லாம் சரியாயிடுமா?"

டிகிரி அண்ணன் அதற்குள் கீழே வந்திருந்தார். "யக்கா, கார்ட உடு. என்னாண்ட கேளு. ஆமைக்கு ஒடம்புல சொந்தச் சூடு கிடையாது. மண்ணு எத்தினியோ அதுவும் அத்தினி. மனுஷன் அப்டியா? உலைக்கு முன்னாடி நின்னாலும் நான் முப்பத்தேழு, மழையில நனைஞ்சாலும் முப்பத்தேழு. நீ இந்தப் பொண்ண வாளியில உக்கார வெச்சாலும் சரி, ஐஸ்ல படுக்க வெச்சாலும் சரி, உள்ள கொயந்தைக்கு அதே சூடுதான். உன்னால ஆவறது ஒண்ணே ஒண்ணு, அதுக்கு ஜலுப்பு புடிக்கும். புடிச்சிடுச்சி!"

நேரம் பார்த்து உள்ளேயிருந்து நான் தும்மினேன். நடிப்பில்லை, சத்தியமாக.

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "மாப்ள, தப்பு என்னுதுதான். ஆமைக் கதைய நான்தான் இங்க அவுத்து உட்டேன். என் வாய்தான் இந்தப் பொண்ணுக்கு இத்தினி கஷ்டம் குடுத்துச்சி. ஆனா பூந்தமல்லிக் கதை என்னுது இல்ல. அதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

என் வீட்டுக்காரர் கிணற்றுக் கட்டையிலிருந்து கையை எடுத்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. மூணாவதும் பொண்ணுன்னா மூணு பொண்ணு. அவ்வளவுதான். பூந்தமல்லிப் பேச்சு இனிமே வேணாம்."

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் அக்காவுக்கு எதிராகப் பேசிய முதல் வாக்கியம் அது. அண்ணி உள்ளே வந்தார். ஜன்னலில் தொங்கிய ஈரச் சாக்கை அவிழ்த்துப் போட்டார். அடுப்பைப் பற்றவைத்து எனக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் மாங்காட்டுக்குப் பஸ் ஏறினார். கோபமாகத்தான். ஆனால் என் பெண்களுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் போனார்.

பிற்பாடு ஒரு நாள் அண்ணனிடம் கேட்டேன். "இதெல்லாம் குடும்ப விஷயம். ஒட்டின இன்லேண்ட் லெட்டரா எழுதியிருக்கக் கூடாதாண்ணா? கார்டா போட்டீங்களே, பதிலும் கார்டாத்தானே வரும், ஊரே படிச்சிடுச்சே."

"இன்லேண்டுன்னா ஒட்டிகினு இல்ல வரும் தங்கச்சி. அத்த யாரு படிப்பா?" என்றார்.

அவர் கண்ணாடி அணிந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சித்திரை முடிகிற சமயத்தில் முட்டைகள் பொரிந்தன. முதலில் மாடிப் பெட்டி. நாலில் மூன்று. ஒவ்வொன்றாக முட்டை ஓட்டை மூக்கால் குத்தி உடைத்து, மணலைத் தள்ளிக்கொண்டு, பழைய எட்டணா மாதிரி வட்டமாக, மெதுவாக வெளியே வந்தன. அதற்குப் பத்து நாளைக்கு மேல் கழித்துத்தான் கீழ்ப் பெட்டி. மூன்றில் இரண்டு. காம்பவுண்டே கூடிவிட்டது. இரண்டு மாத உழைப்பின் முடிவு தெரியப்போகிறது. டீ மாஸ்டர் பொறுமையில்லாமல் கேட்டார்:

"எது ஆம்பள, எது பொம்பள? சொல்லு அண்ணாத்தே."

அண்ணன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. வால் ஒரு நூலளவு. பேராசிரியருக்கு மூன்றாவது கார்டு போனது. பதில் வந்தது: குஞ்சில் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ந்து பெரிதாகச் சில வருஷங்கள் ஆகும். அப்போது வாலையும் வயிற்றுப்பக்க ஓட்டின் வடிவத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

"இதுக்கா ரெண்டு மாசம் மதிய சாப்பாடு சாப்டாம ஓடியாந்த?" என்றார் மாஸ்டர்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அஞ்சும் உசுரோட கீதில்ல?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு வாரம் கிணற்றடித் தொட்டியில் வளர்த்தார். பிறகு ஒரு காலையில் ஐந்தையும் டிபன் கேரியரில் போட்டு, என் இரண்டு பெண்களையும் சைக்கிளில் முன்னும் பின்னும் உட்கார வைத்து, அம்பத்தூர் ஏரிக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் ஓரத்தில் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும்போது மூன்று பேர் கண்ணும் சிவந்திருந்தது.

ஆடி மாதம் எனக்குக் குழந்தை பிறந்தது. பெண்தான்.

மாங்காட்டு அண்ணி மறுநாளே வந்துவிட்டார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் தடவிப் பார்த்தார். "மூக்கு அப்படியே எங்க அம்மா மூக்கு" என்றார். அன்றிலிருந்து அந்தக் குழந்தை அவருடையது. என்னிடம் பால் குடிக்க மட்டும் வரும்.

டிகிரி அண்ணன் அன்று சாயங்காலம் வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கை கால் கழுவிக்கொண்டு, கதவுக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் லட்டு கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணா, எத்தனை டிகிரின்னு பாக்கலையா?" என்று கேட்டேன்.

"இன்னா தங்கச்சி நீ, கொயந்தைய போயி யாராவது அளப்பாங்களா?" என்றார். குழந்தையை ஒரு விரலால்கூடத் தொடவில்லை. தொடச் சொல்லி அண்ணியே கூப்பிட்டும், "உலையில கெடந்த கை, காப்பு காச்சிகீது. தோல் உரசும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் வேலை பார்த்த கம்பெனியை ஓசூர்ப் பக்கம் கொண்டுபோனார்கள். அவரும் போனார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், அவ்வளவுதான் சாமான். தெருமுனை வரைக்கும் நாங்கள் எல்லோரும் போய் வழியனுப்பினோம். ஹவுஸ் ஓனர் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போனவர் முதல் வருஷம் ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பினார். அப்புறம் நாங்கள் வானகரத்துக்கு வீடு மாறினோம். விலாசம் விட்டுப்போயிற்று.

அங்கே கல்யாணம் செய்துகொண்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, இன்னும் தனியாகத்தான் இருக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். எதை நம்புவது என்று தெரியவில்லை. இருபது வருஷம் உலைக்கு முன்னால் நின்ற உடம்பு அது. எங்கே இருந்தாலும் நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருக்கட்டும்.